பிரிக்காத பொட்டலம்

இந்தக் கதையை இருபத்தோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், தம்பி. அதே இருபத்தோரு வருஷமாக இதன்மேல் எனக்குச் சந்தேகமும் உண்டு. இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் என்னைக் குறை சொல்லக் கூடாது.

உங்கள் சட்டைப்பையில் அந்தப் பொட்டலம் எட்டிப் பார்க்கிறதே, அதைப் பார்த்துத்தான் பேச்சுக் கொடுத்தேன். மஞ்சள் நூல் சுற்றியிருக்கிறது. பூக்கட்டிப் பார்த்துவிட்டு வருகிறீர்கள், இல்லையா? யாருக்கு? அம்மாவுக்கா? நாளைக் காலையில் ஆபரேஷனா? சரி. வெள்ளை வந்ததா? நல்லது, நல்லது. உட்காருங்கள். நாலு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். நான் காலையில் ஒரு தடவை போய்வந்துவிட்டேன்.

உள்ளே ஏழாம் கட்டிலில் இருப்பவர் ஆவுடையப்பன். எனக்கு உறவு இல்லை. உறவுக்காரர்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள். ஒரே கல்லூரியில் வேலை பார்த்தோம். நான் இயற்பியல், அவர் தத்துவம். தத்துவத் துறை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று மாணவர்கள், ஒரு பீரோ, ஒரு ஆவுடையப்பன். என் பெயர் மந்திரமூர்த்தி. கடவுள் இல்லை என்று சொல்கிறவனுக்கு வாய்த்த பெயர். அதை வைத்தே அவர் என்னை எவ்வளவோ கேலி செய்திருக்கிறார்.

வியாழக்கிழமை கடைசி மணி நேரம் எங்கள் இரண்டு பேருக்கும் வகுப்பு கிடையாது. ஒளியியல் சோதனைக்கு ஓர் இருட்டறை உண்டு எங்களிடம். சோடியம் விளக்கு எரியும். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் எந்தப் பொருளுக்கும் அதன் நிறம் தெரியாது. அங்கே உட்கார்ந்துதான் கடவுள் உண்டா இல்லையா என்று பேசுவோம். ஒன்பது வருஷம் பேசினோம்.

"குடம் இருந்தா குயவன் உண்டுமா இல்லையாவே?" என்று ஆரம்பிப்பார்.

"குயவனை யாரு வனைஞ்சா?"

"அவரு வனையப்படாதவரு."

"அப்பம் அந்தச் சலுகையைப் பிரபஞ்சத்துக்கே குடுத்திரும். நடுவுல ஒரு ஆளு எதுக்கு?"

தொடையைத் தட்டிச் சிரிப்பார். கோபமே வராது. ஆனால் விட மாட்டார். "ஓய், நீரு முடிக்க இடத்துலதான் நான் ஆரம்பிக்கேன். எல்லாம் வெடிச்சு வந்துச்சுங்கீரு. எப்படி வெடிக்கணும்ங்கிற விதி அதுக்கு முன்னால எங்கவே இருந்துச்சு? கல்லே இல்லாத காலத்துல, கல்லு விழணும்னு எதுல எழுதி வச்சிருந்துச்சு?"

இதற்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை. தெரியாது என்பேன்.

"தெரியாதுல்லா? அந்த இடத்துக்கு நான் ஒரு பேரு வச்சிருக்கேன், அவ்வளவுதான்."

"தெரியாதுங்கிறதுக்குப் பேரு வச்சா அது தெரிஞ்சதாயிருமா வே? சோதிச்சுக் காட்டும். ஒரே ஒரு தடவை."

"சோதிக்கிறவன்கிட்ட அவரு பேச மாட்டாரு."

"நல்ல வசதியான ஆளுதான்."

இப்படி. சண்டை இல்லை. பேசி முடித்ததும் காபி. அவர் வாங்குவார், அல்லது நான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்கும் அவருக்கும் நடுவில் மனக்கசப்பு எதுவும் இருந்ததில்லை. அதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செண்பகவல்லிக்கு அப்போது இருபத்தொன்பது வயது. என் மனைவி. சிறு வயதில் வந்த காய்ச்சல் ஒன்று இதயத்து வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. கல்யாணமாகி ஆறாவது வருஷம் வரை அது யாருக்கும் தெரியாது. பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. துணி பிழிந்தால் வாங்கியது. கடைசியில் தலை சீவினாலே வாங்கியது. வால்வை மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். இப்படியே விட்டால் இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ. செய்தால் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேர் நல்லபடியாக எழுந்து போய்விடுகிறார்கள் என்றார்.

தொண்ணூற்று நாலு! என் மாணவன் ஒருவன் அவ்வளவு துல்லியமாக அளந்து கொண்டுவந்தால் நான் கைகொடுப்பேன். வீட்டுக்கு வந்து அவளுக்குச் சந்தோஷமாக விளக்கினேன்.

அவள் கேட்டாள்: "மிச்சம் அந்த ஆறு பேரும் தொண்ணூத்து நாலுன்னு கேட்டுட்டுத்தானங்க உள்ள போயிருப்பாங்க?"

என்ன பதில் சொல்வீர்கள் இதற்கு? நான் புள்ளியியல் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து அவளே ஒரு வழி சொன்னாள். அவள் பிறந்த ஊர்ப் பக்கம் ஒற்றைப்பனை அம்மன் என்று ஒரு கோயில். அங்கே பூக்கட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு. அம்மன் காலடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பது. உங்களுக்குத் தெரியாததா! ஆனால் அந்தக் கோயிலில் வழக்கம் கொஞ்சம் கடுமை. மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் புதிதாக இரண்டு பொட்டலம் வைத்து, எடுக்க வேண்டும். மூன்றும் வெள்ளையாக இருந்தால்தான் அம்மன் சரி என்கிறாள். இடையில் ஒரு சிவப்பு வந்தாலும் வேண்டாம் என்கிறாள்.

"மூணும் வெள்ளை வந்தா நானே நடந்து போய்ப் படுத்துக்கிடுதேன்" என்றாள். "சிவப்பு வந்தா என்னைய விட்டுருங்க. இருக்கிறவரைக்கும் வீட்டுல இருந்துட்டுப் போறேன்."

அன்று சாயங்காலம் ஆவுடையப்பன் வீட்டுக்குப் போனேன். வேறு எங்கே போவேன்? அவர் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். செய்தித்தாள் ஓரத்தில் எழுதிக் காட்டினேன். ஒரு தடவை வெள்ளை வர இரண்டில் ஒரு பங்கு. மூன்றும் வர எட்டில் ஒரு பங்கு. "எட்டுல ஏழு பங்கு அவ ஆஸ்பத்திரிக்கு வர மாட்டா. புரியுதாவே? ஒரு காசைச் சுண்டிவிட்டு என் பொண்டாட்டி சாகப் போறா."

"காசு இல்லவே அது. கேட்கிறது."

"யாரு பதில் சொல்லுவா?"

அவர் அடுத்த செடிக்கு நகர்ந்தார். குழாயை மூடவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பழைய மோட்டார், அந்தத் தெருவுக்கே கேட்கும். கிளம்பும்போது நான் ஏதோ சொன்னேன். மனசு கலங்கியிருக்கும்போது ஆயிரம் சொல்வோம். எப்படியாவது வெள்ளை வரணும் என்பதுபோல ஏதோ ஒன்று. அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. நம்புகிறவன் என்றால் சாமியிடம் வேண்டிக்கொண்டிருப்பான். கடவுளை நம்பாதவன் வேண்டிக்கொண்டால் எதிரில் நிற்கிறவனிடம்தான் வேண்டிக்கொள்ள முடியும். அவ்வளவுதான் விஷயம். மோட்டார் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்கவும் கேட்டிருக்காது.

அந்தக் கோயிலில் இன்னொரு வழக்கம். பொட்டலம் மடிப்பது கேட்கிறவர்களாக இருக்கக் கூடாது. புருஷனும் கூடாது, கூடப் பிறந்தவர்களும் கூடாது. வெளியாள் ஒருவர், சன்னிதிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மடிக்க வேண்டும். கேட்டதும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் ஆய்வகத்திலும் ஒழுங்கான சோதனைக்கு இதுதான் முறை. முடிவில் ஆசை வைத்திருப்பவன் கருவியைத் தொடக் கூடாது.

"ஆவுடையப்பன் அண்ணாச்சி மடிக்கட்டும்" என்றாள் செண்பகம். "அவுக சாமிக்குப் பயந்தவுக."

வெள்ளிக்கிழமை போனோம், மூன்று பேரும். ஊருக்கு வெளியே பொட்டல். பேருக்கேற்றபடி ஒரே ஒரு பனை. அதிலும் மின்னல் விழுந்து பாதி கருகி நின்றது. நான் சன்னிதிக்குள் போகவில்லை. கொள்கை. மூன்று பேர் செருப்பையும் காவல் காத்துக்கொண்டு பனை அடியில் நின்றேன். ஆனால் காகிதம் நான் கொடுத்ததுதான். ஆய்வகத்திலிருந்து கட்டம் போட்ட பச்சைக்கோட்டுத் தாள் கொண்டுபோயிருந்தேன். பிளேடால் ஆறு துண்டு, ஒரே அளவு. விரலால் தடவினாலும் வித்தியாசம் தெரியக் கூடாது பாருங்கள்.

"அம்மனுக்கே கிராஃப் தாளாவே!" என்று ஆவுடையப்பன் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. பூக்கடைக்கு அவரே போய் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அரை மணி நேரம் இருக்கும். அவர்தான் முதலில் வெளியே வந்தார்.

"மூணும் வெள்ளை" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பனையைப் பார்த்துச் சொன்னார். கையில் மூன்று பொட்டலம். எடுக்காமல் விட்டவை. அவற்றைப் பிரிக்கக் கூடாது, கோயில் பின்னாலிருக்கும் கிணற்றில் போட்டுவிட வேண்டும். அம்மன் சொல்லாத சொல் மனுஷனுக்கு வேண்டாம் என்பார்களாம். கிணற்றுப் பக்கம் போனார். பூப்பொட்டலம் தண்ணீரில் விழுந்தால் சத்தமா கேட்கும்? கேட்காது. நானும் கேட்கவில்லை.

பின்னால் செண்பகம் வந்தாள். நெற்றி நிறையக் குங்குமம். "எட்டுல ஒண்ணுன்னீங்களே, பாத்தீங்களா?" என்றாள். ஏழு வருஷத்தில் அவள் என்னை ஜெயித்தது அன்றைக்குத்தான். "அம்மா சொல்லிட்டா. இனி எனக்குப் பயமில்ல." ஒற்றையடிப் பாதையில் மூச்சு வாங்க வாங்க எனக்கு முன்னால் நடந்தாள்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். அந்த ஒன்பது நாளும் நான் நம்பினேன். குளிக்கும்போது நம்பினேன். வகுப்பில் சமன்பாடு எழுதும்போது நம்பினேன். யாரோ ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள் என்ற நினைப்பு எவ்வளவு லேசாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பத்தாம் நாள் அவளே நடந்து போய்ப் படுத்துக்கொண்டாள். மூன்றாவது மணி நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். ரத்தம் நிற்கவில்லை. யார் மேலும் தப்பு இல்லை. எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார்கள். அந்த ஆறு பேரில் ஒருத்தி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அடுத்த வியாழக்கிழமை இருட்டறையில் உட்கார்ந்திருந்தேன். ஆவுடையப்பன் வந்தார். ஆறுதல் சொல்லத்தான் வந்தார். நான் விடவில்லை.

"கேட்டாச்சு. மூணு தடவை பதிலும் சொல்லியாச்சு. அவ செத்தும் போயிட்டா. இப்பம் சொல்லும். ஒண்ணு, உங்க அம்மனுக்கு நடக்கப் போறது தெரியாது. இல்ல, தெரிஞ்சே பொய் சொன்னா. இல்ல, அங்க யாருமே இல்ல. மூணுல எதுவே?"

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் தொடையைத் தட்டவில்லை. மஞ்சள் வெளிச்சத்தில் முகமும் சரியாகத் தெரியவில்லை. கடைசியில், "நீரு சொல்லுததுதான் சரி" என்றார். எழுந்து போனார். அதற்கப்புறம் கடவுளைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. கோயிலுக்குப் போவதும் நின்றது.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வேறென்ன நினைப்பேன்?

பிறகு கூட்டங்களுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அறிவியல் மன்றம், வாசகர் வட்டம், கல்லூரி விழா. எல்லா இடத்திலும் இந்தக் கதையைச் சொன்னேன். வாதம் கேட்கிறவர்கள் கொட்டாவி விடுவார்கள். இதைச் சொன்னால் விட மாட்டார்கள். எட்டில் ஒன்று என்னும் இடத்தில் நிறுத்துவேன். சபை மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஒரு தடவை ஆவுடையப்பனும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "சாட்சி இங்கேயே இருக்கிறார்" என்று கையைக் காட்டினேன். அவர் எழுந்து நின்று சபையைப் பார்த்துக் கும்பிட்டார். அப்போதும் நான் ஒன்றும் நினைக்கவில்லை.

நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. சந்தேகம் உண்டு என்றுதான் முதலிலேயே சொன்னேனே. ஒரு மாணவன் அளவுக்கு மீறி நன்றாக இருக்கும் அளவுகளைக் கொண்டுவந்தால் நான் என்ன செய்வேன் தெரியுமா? "கச்சா நோட்டைக் கொண்டு வா" என்பேன். திருத்தாமல் எழுதிய நோட்டு. அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். அவள் எடுத்த மூன்றும் வெள்ளை. அதில் சந்தேகம் இல்லை, அவளும் பார்த்தாள், பூசாரியும் பார்த்தார். எடுக்காத மூன்றில் என்ன இருந்தது? அதை யாரும் பார்க்கவில்லை. ஆவுடையப்பனிடம் நான் கச்சா நோட்டைக் கேட்கவே இல்லை. இருபத்தோரு வருஷம் கேட்கவில்லை. விடை எனக்குத் தோதாக இருந்தது, விட்டுவிட்டேன்.

ஆமாம், அந்தப் பொட்டலத்தை யார் மடித்தது? உங்கள் அம்மாவுக்கு மடித்ததைக் கேட்கிறேன். அண்ணனா? உங்கள் கோயிலில் அண்ணன் மடிக்கலாமா? இருக்கும், இருக்கும். ஊருக்கு ஒரு வழக்கம். அண்ணனுக்கு ஆபரேஷன் நடக்க வேண்டும் என்று எண்ணமா, வேண்டாம் என்றா? நான் ஒன்றும் சொல்லவில்லை தம்பி. ஏன் எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள். இன்னொரு பொட்டலம் அண்ணனிடம் இருக்கிறதா, போட்டுவிட்டாரா? சும்மா கேட்டேன். உட்காருங்கள், முடிந்துவிட்டது.

பதினோரு நாளைக்கு முன்னால் ஆவுடையப்பனுக்குப் பக்கவாதம். இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. மருமகள் போன் செய்தாள். "மாமாவோட இன்சூரன்ஸ் கடுதாசி எங்க இருக்குன்னு தெரியல. வீட்டு பீரோவுல ஒரே காலேஜ் காகிதமா இருக்கு. நீங்க கொஞ்சம் வந்து பாக்கீங்களா சார்?" போய்ப் பார்த்தேன். அடித்தட்டில், கட்டுக்கட்டாக விடைத்தாள்களுக்குக் கீழே ஒரு பவுடர் டப்பா. அதற்குள் ஒரு பொட்டலம். பச்சைக்கோட்டுக் கட்டத்தாள். பிளேடால் வெட்டிய ஓரம். என் கை வெட்டியது. எனக்குத் தெரியாதா?

மூன்றில் ஒன்றைக் கிணற்றில் போடவில்லை அவர். நூல் அப்படியே இருந்தது. அவரும் பிரித்ததில்லை.

நான் பிரித்தேன்.

அரளிதான். பழுப்பு. முழுக்கப் பழுப்பு. தொட்டால் நொறுங்குகிறது. வெள்ளையா சிவப்பா? வெள்ளை என்றால் ஆறு பொட்டலத்திலும் வெள்ளைதான் இருந்தது. அம்மனை யாரும் கேட்கவே இல்லை. சிவப்பு என்றால் மூன்று தடவையும் உண்மையாகவே வந்தது. ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தாவரவியல் ஆசிரியையிடம் கொண்டுபோனேன், எதற்கு என்று சொல்லாமல். "இத்தனை வருஷம் ஆயிட்டா ரெண்டும் ஒண்ணுதான் சார். நிறம் எப்பவோ போயிருக்கும்" என்றாள். யோசித்துப் பாருங்கள். உலகத்திலேயே ஒரு விஷயம் எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்று இருந்தது. அது டப்பாவுக்குள் உட்கார்ந்து பழுத்துப் போய்விட்டது.

ஆகவே ஆளைத்தான் கேட்க வேண்டும்.

இன்று பதினோரு மணிக்கு உள்ளே விட்டார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. கண் மட்டும் தெளிவு. "எல்லாம் புரியுது சார் அவருக்கு, வலது கை அசையுது" என்றாள் நர்ஸ். வலது கையைப் பிடித்துக்கொண்டேன். "ஆமான்னா ஒரு தடவை அமுக்கும். இல்லைன்னா ரெண்டு தடவை" என்றேன். கருவியை நம்புவதற்கு முன் சரிபார்க்க வேண்டும், இல்லையா? "உம்ம பேரு ஆவுடையப்பனா?" ஒரு தடவை அமுக்கினார். "இது நம்ம கல்லூரியா?" இரண்டு தடவை. சரியாக இருந்தது.

சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் காட்டினேன். பார்த்தார். நூல் இல்லாததையும் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. பக்கவாதக்காரர்களுக்குச் சும்மாவே தண்ணீர் வரும் என்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்வியை வீட்டிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். பஸ்ஸில் வரும்போதும் சொல்லிப் பார்த்தேன். அன்றைக்குக் கடையில் நீர் சிவப்பு வாங்கினீரா இல்லையா? ஆமாம் அல்லது இல்லை. சுத்தமான கேள்வி. குனிந்து அவர் காதுப் பக்கம் வாயைக் கொண்டுபோனேன். அவர் விரல்கள் என் கைக்குள் சூடாகக் காத்துக்கொண்டிருந்தன. ஆனால் தம்பி, வாயைத் திறந்ததும் வந்தது அந்தக் கேள்வி இல்லை.

"அன்னைக்குச் சாயங்காலம் மோட்டார் ஓடிக்கிட்டு இருந்துச்சே, ஆவுடையப்பன். கிளம்பும்போது நான் சொன்னது உம்ம காதுல விழுந்துச்சாவே?"